மூன்று பற்கள் சொன்ன சேதி

சென்ற கோடையில் ஒரு நாள் காலை, பழவேற்காட்டிலிருந்து படகேறிப் பசியாவரம் சென்றிருந்தோம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எனப் பெயர் பெற்ற பழவேற்காடு ஏரியில், நீர் சூழ அமைந்திருக்கும் மீனவச் சிற்றூர் அது. ஏரியில் இன்ன நாளில் இன்னார் வலையிடலாம் என்று முறை வகுக்கும் பாடு வழக்கத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும் என்பதே நம் எண்ணம். ஆனால் எழுத வாய்த்ததோ முற்றிலும் வேறொரு பொருள்.

பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர் மகன் கிழிந்த வலையொன்றை மடியில் போட்டு முடிந்துகொண்டிருந்தார். பேரன், பன்னிரண்டு வயதிருக்கும், ஒரு பழைய தகர டப்பாவை மார்போடு அணைத்தபடி நம்மையே பார்த்துக்கொண்டு நின்றான். அருகில் அழைத்ததும் டப்பாவைத் திறந்து காட்டினான். பலவகைக் கிளிஞ்சல்கள், இரண்டு சுறாப் பற்கள், அவற்றின் அடியில் துணியில் சுற்றிய ஒரு பெரிய கறுத்த பல்.

"ஐயா, இது ஏரிச் சேத்துல கெடைச்சுது. இது கல்லாப்போன பல்லுதானே? ரொம்ப ரொம்பப் பழசுன்னு எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தன் சொல்றான். பட்டணத்துல இதுக்கு நெறையக் காசு குடுப்பாங்களாமே! ஒரு வலை வாங்குற அளவுக்குக் கெடைக்குமா ஐயா?"

வலையை முடிந்துகொண்டிருந்த தந்தையின் கை ஒரு கணம் நின்றது. தலை நிமிராமலே விடைக்குக் காத்திருந்தார் என்பதை உணர்ந்தோம்.

பல்லை வாங்கிப் பார்த்தோம். கறுப்பு நிறத்தைக் கண்டு நமக்கும் ஐயம் எழுந்தது. அப்போது இறால் ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியம்மாள், இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புக் கூறிவிட்டார். "எருமைக் கடவாப் பல்லுடா அது. சின்ன வயசுல எங்க தெருவுல எருமை வச்சிருந்தாங்க. செத்துப்போன எருமைத் தலை ஏரிக்கரையிலதான் கெடக்கும். அதைப் பாத்தே வளர்ந்தவ நான்."

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, அறிஞர் ஒருவர் நமக்கு முன்பு கற்றுக்கொடுத்த எளிய சோதனையைச் செய்தோம். அடுப்பில் ஊசியொன்றைச் சிவக்கக் காய்ச்சிப் பல்லின் வேர்ப்பகுதியில் வைத்ததும், மயிர் கருகும் நாற்றம் எழுந்தது. எலும்பிலும் பல்லிலும் உள்ள உயிர்ப்பசை இன்னும் முற்றிலும் நீங்கவில்லை என்பதற்கு அது அடையாளம். காற்றுப் புகாத கருஞ்சேற்றில் புதைந்த பல், கல்லாக மாறாமலேயே சில காலத்தில் கறுத்துவிடும். நிறத்தை மட்டும் கண்டு பழமையை முடிவுசெய்தல் ஆகாது. மேலும், பழவேற்காடு ஏரியே உலக வரலாற்றில் மிக இளையது. கடல் மட்டம் உயர்ந்து இன்றைய கரையோரம் உருவான, கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பிறந்தது.

சிறுவனின் முகம் வாடிற்று. தந்தையின் கை மீண்டும் வலையில் ஓடத் தொடங்கியது. "அப்ப நெசமாவே கல்லாப்போன பல்லு எங்கதான் ஐயா கெடைக்கும்?" என்று அவன் கேட்டான். அன்று திண்ணையில் அவனுக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையையே நம் வாசகக் குடும்பங்களுக்காக இங்கே விரித்துரைக்கிறோம்.

எலும்பு அழியினும் பல் அழியாது

உயிரினத்தின் உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலே. அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு தாதுப்பொருளே. ஆகவே விலங்கொன்று மடிந்தபின் தசை அழுகிப்போகும். எலும்பு வெயிலில் வெடித்தும், நரிகளால் கடிக்கப்பட்டும், மண்ணின் புளிப்பால் கரைந்தும் போகும். பல் மட்டும் எஞ்சி நிற்கும். ஆற்று வண்டலோ களிமண்ணோ அதை விரைவில் மூடிவிடுமாயின், நிலத்தடி நீரிலுள்ள தாதுக்கள் மெல்ல மெல்ல அதன் நுண்துளைகளில் படிந்து அதைக் கல்லாக்கிவிடும். இதுவே தொல்லுயிர்ப் பல்.

பாலூட்டிகளின் பற்களுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. மீனுக்கும் முதலைக்கும் வாயிலுள்ள பற்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். வாழ்நாளெல்லாம் விழுந்து முளைத்துக்கொண்டும் இருக்கும். பாலூட்டிகளுக்கோ வெட்டும் பல், கிழிக்கும் பல், அரைக்கும் பல் என ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்காக அமைந்தது. மாடு, எருமை, மான் இவற்றின் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் பிறைவடிவக் கோடுகள் தெரியும். யானையின் கடைவாய்ப் பல்லோ, தட்டுகளை வரிசையாக நிறுத்தி ஒட்டியதுபோல் குறுக்கு வரிகளுடன் இருக்கும். புலி, சிங்கம் முதலியவற்றின் இறைச்சிப் பல் கத்திரிக்கோலின் அலகை ஒத்தது. தேர்ந்த ஆய்வாளர் ஒரே ஒரு பல்லைக் கையில் ஏந்தி, இது இன்ன விலங்கு, இளையதா முதியதா என்று கூறிவிடுவார். எனாமலில் பொதிந்துள்ள கரியின் வகையைச் சோதனைச்சாலையில் பகுத்துப் பார்த்து, அது புல் மேய்ந்ததா, இலை தின்றதா என்றும் இன்று கண்டறிகிறார்கள். ஒரு பல் என்பது ஒரு விலங்கின் வாழ்க்கைக் குறிப்பேடு எனலாம்.

மீனவர் பிடித்த சுறாவும் ஆயரான அறிஞரும்

சிறுவனின் டப்பாவில் இருந்த சுறாப் பற்களைக் கண்டதும் நமக்கு ஐரோப்பிய வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது. கல்லான பற்களைப் பற்றிய அறிவு பிறந்ததே மீனவரின் வலையிலிருந்துதான்.

மால்டா தீவின் பாறைகளில் முக்கோண வடிவான வழவழப்பான கற்கள் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றை மக்கள் "நாக்குக் கற்கள்" என்றழைத்தனர். திருத்தூதர் பவுல் அத்தீவில் கரையேறியபோது பாம்பு அவர் கையைப் பற்றியும் தீங்கு நேராத நிகழ்ச்சியோடு இணைத்து, பாம்புகளின் நாக்குகளே இவ்வாறு கல்லாயின என்று நம்பினர். நஞ்சை முறிக்கும் மருந்தாகவும் அவற்றைப் போற்றினர்.

1666ஆம் ஆண்டில் இத்தாலியின் லிவோர்னோ நகருக்கருகே மீனவர்கள் மாபெரும் சுறா ஒன்றைப் பிடித்தனர். தஸ்கனி நாட்டுப் பிரபு அதன் தலையைப் பிளாரன்சு நகரிலிருந்த டென்மார்க் மருத்துவர் நிக்கோலாஸ் ஸ்டெனோவிடம் அனுப்பிவைத்தார். தலையை அறுத்து ஆராய்ந்த ஸ்டெனோ, அதன் பற்களும் மால்டாவின் நாக்குக் கற்களும் ஒரே வடிவின என்பதைக் கண்டார். பாறைக்குள் கிடப்பவை முற்காலச் சுறாக்களின் பற்களே என்று எழுதினார். மண் அடுக்குகளில் கீழிருப்பது முந்தியது, மேலிருப்பது பிந்தியது என்ற, இன்றளவும் நிலவியலின் அடிப்படையாய் விளங்கும் விதியை 1669இல் வகுத்துரைத்தவரும் அவரே. 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அவர், 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். ஏழ்மையில் வாழ்ந்து 1686இல் மறைந்தார். 1988இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார்.

பல்லை மட்டுமன்றி அது கிடந்த அடுக்கையும் பார் என்பதே ஸ்டெனோ தந்த பாடம். இதை வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக. இக்கட்டுரையின் சாரமும் அதுவே.

சிவாலிக் குன்றுகளும் இரத்தினபுரிக் குழிகளும்

நம் நாட்டில் பாலூட்டிகளின் தொல்பற்களுக்குப் பெயர் பெற்ற இடம் இமயத்தின் அடிவாரமாகிய சிவாலிக் குன்றுகள். 1830களில் சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளராயிருந்த மருத்துவர் ஹியூ பால்கனரும், கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லியும் அங்கே தேடலைத் தொடங்கினர். அவர்களோடு பணியாற்றிய பேக்கர் என்ற அதிகாரிக்கு நாகன் அரசர் யானைப் பல்லொன்றை அனுப்பிவைத்தார் என்பது வரலாறு. அதன்பின் யானையினங்கள், நீர்யானை, குதிரை முதலியவற்றின் பற்களும் எலும்புகளும் அக்குன்றுகளில் குவியல் குவியலாக வெளிப்பட்டன. ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான, பெருங்கொம்புடைய விலங்கொன்றுக்கு 1836இல் சிவனின் பெயரால் "சிவத்தீரியம்" எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே இருவருக்கும் இலண்டன் நிலவியற் கழகத்தின் வொல்லாஸ்டன் பதக்கம் கிடைத்தது. அதே நாகன் பகுதியில், சாகேத்தி என்னுமிடத்தில், 1974இல் தொல்லுயிர்ப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது.

தெற்கே இலங்கைக்கு வருவோம். சிங்கத்தைக் கொடியில் ஏந்திய அத்தீவில் இன்று காட்டுச் சிங்கம் இல்லை. ஆயினும் இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கம் தேடித் தோண்டும் குழிகளில், கற்கள் கிடக்கும் சரளை அடுக்கிலேயே நீர்யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் தொல்பற்கள் கிடைத்தன. குருவிற்ற என்னும் ஊரில் கிடைத்த இரண்டே பற்களைக் கொண்டு, அங்கே முற்காலத்தில் சிங்கமும் வாழ்ந்தது என்று பி. இ. பி. தெரணியகல 1939இல் நிறுவினார். மாணிக்கம் தேடிய தொழிலாளியின் கண்ணில் பட்ட இரு பற்கள், ஒரு தீவின் இயற்கை வரலாற்றையே மாற்றி எழுதின!

நம் மாவட்டத்தின் மூன்று பற்கள்

"இமயத்துலயும் இலங்கையிலயும் கெடைக்குது. நம்ம பக்கத்துல கெடைக்காதா ஐயா?" என்று சிறுவன் இடைமறித்தான். அக்கேள்விக்காகவே காத்திருந்தோம்.

பசியாவரத்திலிருந்து மேற்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அணித்தாக அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1863ஆம் ஆண்டு மே திங்களில் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற தோழருடன் அத்திரம்பாக்கத்திலும் கற்கோடரிகளைக் கண்டார். பின்னாளில், 1884இல், பூட் கர்நூல்ப் பகுதியின் பில்ல சுர்க்கம் குகைகளையும் அகழ்ந்தார். அங்கே கிடைத்த எலும்புகளிலும் பற்களிலும் இன்று தென்னாட்டில் எங்குமே காண முடியாத காண்டாமிருகத்தின் எச்சமும் இருந்தது.

அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு அம்மையாரும் குமார் அகிலேஷும் தம் குழுவினருடன் முறையான அகழாய்வு நடத்தினர். அங்குலம் அங்குலமாக மண்ணை நீக்கி, ஒவ்வொரு கல்லும் எந்த ஆழத்தில், எத்திசை நோக்கிக் கிடந்தது என்று குறித்துக்கொண்டே சென்றனர். அடியிலிருந்த களிமண் அடுக்கில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட கற்கருவிகள் கிடைத்தன. விலங்குகளின் எச்சமாகக் கிடைத்தவையோ மூன்றே பற்கள்! மண்ணின் தன்மையால் எலும்பெல்லாம் கரைந்துபோக, அம்மூன்று மட்டும் எஞ்சியிருந்தன. அவை குதிரையினம் ஒன்றையும், நீரெருமையையும், நீல்காய் என்னும் மானெருதையும் சேர்ந்தவை என்று கருதப்படுகின்றன. விலங்குகளின் குளம்புச் சுவடுகள் போன்ற பதிவுகளும் களிமண்ணில் காணப்பட்டன.

2011இல் வெளியான ஆய்வின்படி, அக்கருவிகள் கிடந்த அடுக்கின் வயது சராசரியாகப் பதினைந்து இலட்சம் ஆண்டுகள். எவ்வகையிலும் பத்து இலட்சத்துக்குக் குறைவில்லை. மண்ணில் உறைந்துள்ள காந்தத் திசையையும், விண்கதிர்கள் கல்லில் விட்டுச்சென்ற அடையாளத்தையும் கணக்கிட்டு இதைக் கண்டறிந்தனர்.

மூன்று பற்கள் என்ன சொல்லிவிடும் என்று கேட்கலாம். குதிரைக்கும் நீல்காய்க்கும் மேய்ச்சல் வெளி வேண்டும். நீரெருமைக்கு நீரும் சேறும் வேண்டும். ஆகவே அன்று அத்திரம்பாக்கம் அடர்ந்த காடுமன்று, வறண்ட பாலையுமன்று. ஈரம் நிறைந்த திறந்த புல்வெளி என்று தெரிகிறது. அந்நீர்க்கரையில்தான் பண்டை மனிதர் கல்லைத் தட்டிக் கருவி செய்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கற்களும் மனிதரின் கைத்திறனைக் கூறின. அவரைச் சூழ்ந்திருந்த விலங்குகளைக் காட்டியவை அம்மூன்று பற்களே.

முகவரி இழந்த பல்

இம்மூன்றையும் யாரேனும் ஒருவர் முன்பே பொறுக்கிச் சென்று மேசைமேல் அழகுக்கு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கற்பனை செய்ய வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே அது நடந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பு நண்பர் ஒருவர் நர்மதைப் பயணம் முடித்துத் திரும்பியபோது, கல்லாகக் கனத்த பல்லொன்றை அன்புப் பரிசாகக் கொணர்ந்தார். நெடுநாள் அது நம் மேசையில் தாள்கள் பறக்காமல் அழுத்திவைக்கும் கல்லாகப் பயன்பட்டது. வந்தவர்க்கெல்லாம் பெருமையுடன் காட்டினோம். ஒரு நாள் நிலவியல் பேராசிரியர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். ஊசிச் சோதனையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. பல்லைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "உண்மையான தொல்பல்தான். மாட்டினத்தைச் சேர்ந்தது. எங்கே கிடைத்தது?" என்றார். "நர்மதையில்" என்றோம். "நர்மதையின் நீளம் 1,300 கிலோமீட்டர். எந்த இடம்? எந்தக் கரை? மேட்டிலா, சரிந்த மண்ணிலா? எந்த அடுக்கில்?" நமக்கு ஒன்றும் தெரியவில்லை. கொணர்ந்த நண்பரோ அதற்குள் இறைவனடி சேர்ந்திருந்தார். பேராசிரியர் பல்லை மெல்ல நம் கையில் திருப்பிக் கொடுத்தார். "இது இப்போது அழகான கல். அவ்வளவுதான்" என்றார். அச்சொல் இன்றும் நம்மை உறுத்துகிறது. 1982இல் பண்டை மனிதரின் மண்டையோட்டுப் பகுதி கண்டெடுக்கப்பட்ட நதிக்கரை அது. அங்கிருந்து வந்த ஒரு சாட்சியை நாம் ஊமையாக்கிவிட்டோம்.

இதனினும் பெரிய இழப்புகள் உண்டு. சீன நாட்டில் தொல்லுயிர்ப் பற்களை "டிராகன் பல்" எனக் கூறி, பொடித்து மருந்தாக விற்றனர். 1935இல் கோனிக்ஸ்வால்டு என்ற ஆய்வாளர் ஹாங்காங் மருந்துக்கடை ஒன்றில் மிகப் பெரிய கடைவாய்ப் பல்லைக் கண்டு, அது அற்றுப்போன மாபெரும் குரங்கினத்தின் பல் என உணர்ந்தார். ஆயினும் அது எந்த மலையில், எந்தக் குகையில் கிடந்தது என்று கடைக்காரருக்குத் தெரியாது. அவ்விலங்கின் தாடை குவாங்சி மாநிலக் குகையொன்றில், கிடந்த இடத்திலேயே கண்டெடுக்கப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அதற்கிடையே அம்மியில் அரைபட்ட பற்கள் எத்தனையோ! விலைக்கு வரும் பல், பெரும்பாலும் முகவரியை இழந்தே வருகிறது.

நாம் செய்யத்தக்கது

கிணறு வெட்டும்போதோ, ஆற்று மண் சரிவிலோ, கல் குவாரியிலோ விலங்கின் பல் போன்ற கனத்த பொருள் உங்கள் கண்ணில் படலாம். மண்ணில் பதிந்திருந்தால் பிடுங்காதீர்கள். அருகில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்துப் படம் எடுங்கள். ஊர், புல எண், ஆழம், மண்ணின் நிறம், நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளமோ இயந்திரமோ கொண்டுபோய்விடும் என்ற நிலையில் மட்டும் எடுத்து, குறிப்புச் சீட்டோடு தாளில் சுற்றி வையுங்கள். கழுவவும் சுரண்டவும் வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கோ, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தெரிவியுங்கள். அகழாய்வு நடந்த அத்திரம்பாக்கம் போன்ற இடங்களில் சிறு கல்லைக்கூட எடுத்தல் ஆகாது. பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்புவோர்க்குப் பூண்டியில் 1985இல் அமைக்கப்பட்ட அரசுத் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது.

இத்தனையும் கேட்டபின் பசியாவரத்துச் சிறுவன் எருமைப் பல்லைக் கையில் உருட்டிக்கொண்டே, "அப்ப இதுக்குக் காசும் கெடையாது, பழசும் இல்ல. தூக்கி ஏரியில போட்டுடவா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றோம். அத்திரம்பாக்கத்துப் பல்லை நீரெருமையின் பல் என்று அறிஞர்கள் எவ்வாறு அறிந்தார்கள்? இன்றைய எருமையின் பல்லை அருகில் வைத்து ஒப்பிட்டுத்தான். ஸ்டெனோவுக்கும் மீனவர் பிடித்துத் தந்த புதிய சுறாவின் தலையே பழைய கல்லைப் படிக்கும் அரிச்சுவடியாயிற்று. பழையதைப் படிக்கப் புதியது வேண்டும். பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இதே மாவட்டத்தில் நீர்க்கரையில் மேய்ந்த விலங்கின் உறவு இது. எருமைத் தலையைப் பார்த்தே வளர்ந்த பாட்டியம்மாள் நம்மை முந்திக்கொண்டு தீர்ப்புக் கூறியதும் இவ்வறிவால்தான்.

சிறுவன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு நம்மிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, திண்ணையில் குப்புறப் படுத்து எழுதினான்: "எருமைக் கடைவாய்ப் பல். பசியாவரம்."

இறால் கூடையிலிருந்து பாட்டியின் குரல் வந்தது: "எந்தத் தொறையிலன்னு எழுதுடா. பசியாவரம்னா எந்த மூலைன்னு யாருக்குத் தெரியும்?"

பேராசிரியர் நம்மைக் கேட்ட கேள்வி அதுவே அன்றோ! வடக்குத் துறை என்றும், முழங்கால் ஆழச் சேறு என்றும், மாதத்தையும் நாளையும் சேர்த்தெழுதி, சீட்டைப் பல்லோடு சுற்றி டப்பாவில் வைத்தான். புது வலைக்கு நம்மால் வழி காட்ட இயலவில்லை. தந்தை பழைய வலையின் கடைசிக் கண்ணியை முடிந்து இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். மறுநாள் அவர்களுடைய பாடு.